ஊசி வழியே வந்த தொற்று: அகதி முகாமில் குழந்தைகளோடு வேலை செய்யப் புதிதாக வருபவர்களுக்கு

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களுக்குச் செவிலியராகவோ தன்னார்வலராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ வருகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு, சொறி, ஊட்டச்சத்துக் குறைவு பற்றியெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ரத்தத்தின் வழியே பரவும் வைரஸ்கள் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும், வந்தால். காரணம் எளிது. ஹெபடைடிஸ் சி இருக்கும் குழந்தை மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். கல்லீரல் கெட்டுப்போவது தெரியப் பல ஆண்டுகள் ஆகும்.

2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லை தாண்டி இங்கே வந்தார்கள். 2023 மே, ஜூன் மாதங்களில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு ஏழு முகாம்களில் 680 குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடத்தியது. பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எப்போதோ ஒரு சமயம் ஹெபடைடிஸ் சி தொற்றியிருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வைரஸ் அன்றைக்கும் ரத்தத்தில் இருந்தது. இது பெரியவர்களின் கணக்கு. ஆனால் அந்தப் பெரியவர்கள் போன அதே ஊசிக்காரரிடம்தான் பிள்ளைகளும் தூக்கிக்கொண்டு போகப்பட்டார்கள். புதிதாக வருகிறவர் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

முதல் படி: மூன்று வைரஸ்களையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. என மூன்று. நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி ஒருமுறை குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை போகும். ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 2. எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு 3. எல்லாரும் பயப்படுவது கடைசியில் உள்ளதற்கு. மிக எளிதில் பரவுவதோ முதலில் உள்ளது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். ஹெபடைடிஸ் சி சிரிஞ்சுக்குள் மிஞ்சிய ரத்தத்தில் 63 நாள் வரை உயிர்ப்போடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஹெபடைடிஸ் பி பெரியவர்களுக்கு வந்தால் நூற்றுக்கு 95 பேருக்குத் தானாகவே போய்விடும். ஒரு வயதுக்குள் வந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். ஆறு வயதுக்குள் என்றால் நூற்றுக்கு 30 முதல் 50. ஆகவே "சின்னப் பிள்ளைதானே, உடம்பு தாங்கும்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. சின்னப் பிள்ளை என்பதால்தான் கவலை.

இரண்டாம் படி: தொற்று எப்படி நடக்கிறது என்று கண்ணால் பாருங்கள்

"நாங்கள் ஊசியை மாற்றிவிடுகிறோம்" என்று மருந்துக்கடைக்காரர் சொல்வார். பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. முனையில் இருக்கும் ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சை அடுத்த குழந்தைக்கும் எடுப்பார். ஊசியை உருவும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் சிரிஞ்சுக்குள் இழுக்கப்படும். அது போதும்.

அதைவிட மோசமானது, பல பேருக்கு மருந்து எடுக்கும் பெரிய குப்பி. பயன்படுத்திய சிரிஞ்சை ஒரே ஒருமுறை அதற்குள் விட்டால் போதும், மிச்ச மருந்து முழுக்கக் கெட்டது. எச்சில் கரண்டியை ஊறுகாய் ஜாடியில் விடுவதைப் போலத்தான். பிறகு சுத்தமான கரண்டியால் எடுத்துப் பயனில்லை. இதனால்தான் சில சமயம் புத்தம்புது சிரிஞ்சால் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைக்கும் தொற்று வந்துவிடுகிறது. குடும்பத்தார் "உறையைக் கிழித்ததைப் பார்த்தோமே" என்பார்கள். அவர்கள் பார்த்ததும் உண்மை, தொற்று வந்ததும் உண்மை.

ட்ரிப்ஸ் ஏற்றும் குழாயை ஒரு குழந்தையிடமிருந்து கழற்றி அடுத்த குழந்தைக்கு மாட்டுவது, கையில் குத்திவைத்த குழாயைச் சுத்தம் செய்ய ஒரே சலைன் பையிலிருந்து எல்லோருக்கும் எடுப்பது, பல் பிடுங்கும் இடுக்கி, காது குத்தும் ஊசி, விருத்தசேதனம் செய்யும் கத்தி, பரிசோதிக்காத ரத்தம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ள குழந்தைகளுக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டியிருப்பதால் அவர்களைத் தனியாகக் கவனியுங்கள்.

இத்தனை ஊசி ஏன் என்று கேட்காமல் குடும்பத்தைக் குறை சொல்லக் கூடாது. ராக்கைனில் ரோஹிங்கியா மக்கள் அடுத்த ஊருக்குப் போகவே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனை எட்டாக்கனி. 2014 பிப்ரவரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பணிகளையே அரசு அங்கே நிறுத்திவைத்தது. மிஞ்சியது பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் ஊசிக்காரர்தான். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. நமக்கு இது புதிதா என்ன? "டாக்டர், ஒரு ஊசி போட்டுவிடுங்க, மாத்திரை வேண்டாம்" என்ற குரலை நம் ஊர் கிளினிக் வாசலில் இன்றைக்கும் கேட்கலாம்.

மூன்றாம் படி: வைத்திய வரலாற்றைப் பொறுமையாகக் கேளுங்கள்

முழு வேலையிலும் நேரம் செலவிட வேண்டிய இடம் இது. புதியவர்கள் "இதற்கு முன் ஊசி போட்டிருக்கிறதா?" என்று கேட்டு, "ஆமாம்" என்ற பதிலை எழுதிக்கொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவார்கள். அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் ஊசி போட்டிருக்கும்.

குழந்தை பிறந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். எங்கே பிறந்தது, பிரசவம் பார்த்தது யார், தொப்புள்கொடியை எதனால் வெட்டினார்கள்? பிறகு வழிப்பயணம்: எல்லை தாண்டும்போது காய்ச்சல் கண்டதா, யார் மருந்து கொடுத்தார்கள்? பிறகு முகாம்: உடம்பு முடியாமல் போனால் முதலில் யாரிடம் போவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை "எந்தக் கிளினிக்குக்கு" என்று கேட்டால் தொண்டு நிறுவனக் கிளினிக்கின் பெயர்தான் வரும். "முதலில் யாரிடம்" என்று கேட்டால்தான் கடைக்காரர் பெயர் வரும்.

அந்த இடத்தை விவரிக்கச் சொல்லுங்கள். சிரிஞ்சு எங்கிருந்து வந்தது, உறையிலிருந்தா தட்டிலிருந்தா? மருந்துக் குப்பி ஏற்கெனவே திறந்திருந்ததா? அன்றைக்கு வேறு குழந்தைகளும் இருந்தார்களா? ஊசி போட்ட பின் சிரிஞ்சை எங்கே போட்டார்? "வெந்நீரில் போட்டார்" என்று ஒரு தாய் சொன்னால் அது முக்கியமான தகவல். பிளாஸ்டிக் சிரிஞ்சை வெந்நீரில் அலசுவது அதை மறுபடி பயன்படுத்தத்தான். அது கிருமி நீக்கம் ஆகாது.

மொழியில் கவனம் தேவை. ரோஹிங்கியா மொழி சிட்டகாங் வட்டாரப் பேச்சுக்கு நெருங்கியது, டாக்கா வங்காளத்துக்கு அல்ல. டாக்காவிலிருந்து வந்த ஊழியர் தலையாட்டுவதை வைத்து அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்குப் போய் நாலு வார்த்தை கற்ற அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க உட்கார வைக்கவே கூடாது. தாய் தன் உடம்பைப் பற்றி மகன் முன்னால் பேச மாட்டார். முடிந்தால் பெண் மொழிபெயர்ப்பாளர், அதுவும் முகாமின் அந்த பிளாக்கை, அதாவது உட்பிரிவை, சேராதவர்.

நான்காம் படி: தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

குழந்தைக்குத் தொற்று என்று தெரிந்ததும் அத்தனை பேரும் தாயைத் திரும்பிப் பார்ப்பார்கள், மருத்துவர்கள் உட்பட. தாயைச் சோதிப்பது அவசியம்தான். ஆனால் முடிவை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தாய்க்குத் தொற்று இல்லை என்றால் தேட வேண்டிய இடம் வைத்தியம் செய்த இடம். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ராட்டோடெரோ என்ற ஊரில் 2019 ஏப்ரலில் இப்படித்தான் தொடங்கியது. காய்ச்சல் விடாத குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருந்தது, பெரும்பாலான தாய்மார்களுக்கு இல்லை. ஜூன் 28 வரை 30,192 பேரைச் சோதித்ததில் 876 பேருக்குத் தொற்று. அவர்களில் 719 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். பாதுகாப்பற்ற ஊசிகளும் ட்ரிப்ஸும்தான் காரணம் என்று விசாரணைகள் காட்டின.

தாய்க்கும் தொற்று இருந்தால்? அப்போதும் அவசரப்பட வேண்டாம். 1988இல் சோவியத் ஒன்றியத்தின் கல்மிகியாவில், எலிஸ்டா நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிரிஞ்சுகளால் பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. பரவியது. அங்கிருந்து மாற்றப்பட்ட குழந்தைகள் வழியாக வோல்கோகிராத், ரஸ்தோவ் மருத்துவமனைகளுக்கும் போனது. அங்கே சில தாய்மார்களுக்குத் தொற்று வந்தது பாலூட்டியதால்: குழந்தையின் வாய்ப்புண்ணிலிருந்து தாயின் முலைக்காம்பு வெடிப்புக்கு. பிள்ளையிடமிருந்து தாய்க்கு! இது நடக்கும் என்று தெரியாதவர் அந்தத் தாயை என்னவெல்லாம் நினைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹெபடைடிஸ் சியில் கணக்கே வேறு. தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தாறு பேருக்குத்தான் பிறப்பின்போது அது போகிறது. ஒரே பிளாக்கில் நாலைந்து பிள்ளைகளுக்கு இருந்தால் தாய்மார்களை வைத்து அதை விளக்கிவிட முடியாது.

ஐந்தாம் படி: சரியான சோதனையைச் சரியான வயதில் செய்யுங்கள்

பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் ரத்தத்தில் தாயின் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம், மிதந்துகொண்டிருக்கும். எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் சிக்கும் விரலில் குத்திப் பார்க்கும் உடனடிச் சோதனை இந்த வயதில் 'பாசிட்டிவ்' காட்டினால் குழந்தைக்குத் தொற்று என்று பொருளில்லை. வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனை வேண்டும். எச்.ஐ.வி.க்கு உலர்ந்த ரத்தத்துளி அட்டையில் எடுத்து அனுப்பினால் போதும், குளிர்பதனம் தேவையில்லை.

பதினெட்டு மாதத்துக்கு மேல் எச்.ஐ.வி.யை வெவ்வேறு உடனடிச் சோதனைகளால் உறுதி செய்யலாம். ஹெபடைடிஸ் சிக்கு எந்த வயதிலும் இரண்டு கட்டம் உண்டு. ஆன்டிபாடி இருந்தால் 'எப்போதோ வந்தது' என்றுதான் அர்த்தம். ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்குச் சிகிச்சை இல்லாமலே வைரஸ் போய்விடுகிறது. வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் 'இப்போது இருக்கிறதா' என்று சொல்லும். முதல் சோதனையோடு நின்றுவிட்டு ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் அழவைப்பது நடக்கத்தான் செய்கிறது. ஹெபடைடிஸ் பிக்கு, வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தேடும் மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனை போதும்.

போன வாரம் போட்ட ஊசியைப் பற்றிப் பயந்து வந்தால் இன்றைய சோதனை அதற்குப் பதில் சொல்லாது. ஆன்டிபாடி தெரிய வாரங்கள் ஆகும். இன்று ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை என்று சொல்லி அனுப்புங்கள்.

ஆறாம் படி: வீட்டாரிடம் சொல்வது

மூங்கிலும் தார்ப்பாயும் சேர்ந்த கூரைக்குள் ரகசியம் தங்காது. வீட்டுக்குப் போய்ச் சொல்லாதீர்கள். கிளினிக்கில் தனியறைக்கு அழையுங்கள். குழந்தையின் அட்டை முகப்பில் நோயின் பெயரை எழுதாதீர்கள். 'மாஜி' எனப்படும் பிளாக் தலைவர் வந்து விசாரித்தால் பணிவாக, ஆனால் எதுவும் சொல்லாமல், அனுப்பிவையுங்கள். பெண் குழந்தை என்றால் கல்யாணக் கவலை உடனே வந்து நிற்கும், ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தாலும்.

முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "இது நீங்கள் செய்த தவறால் வந்ததல்ல." அடுத்தது, எது ஆபத்தில்லை என்பது. ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடித்துத் தூங்கலாம், விளையாடலாம், பள்ளிக்குப் போகலாம். பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சவரக்கத்தி மட்டும் பொதுவில் வேண்டாம். வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் அப்போதே சோதனைக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள், ஏனென்றால் அவர்களும் அதே கடைக்குத்தான் போயிருப்பார்கள்.

"வேறு நாட்டுக்குக் குடியமர்த்த மாட்டார்களோ" என்ற பயத்தில் சோதனையையே மறுப்பவர்கள் உண்டு. அமெரிக்கா எச்.ஐ.வி. காரணமாக ஆட்களைத் தடுக்கும் விதியை 2010 ஜனவரியில் நீக்கிவிட்டது. வைத்தியச் செலவு அதிகம் என்று காரணம் காட்டி மறுக்கும் விதியிலிருந்து கனடா அகதிகளுக்கு விலக்கு அளிக்கிறது. இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் விசா பற்றி உங்கள் வாயால் எந்த உறுதியும் கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: சிகிச்சைக்கு அனுப்புங்கள்

ஹெபடைடிஸ் சியைக் குணப்படுத்தலாம். இந்த ஒரு செய்தியோடு நீங்கள் முகாமுக்குள் போனாலே பாதி வேலை முடிந்தது. சோஃபோஸ்புவிர் கலந்த மாத்திரைகள் பன்னிரண்டு வாரம். நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டவர்களுக்கு வைரஸ் அடியோடு போகிறது. 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் இதைப் பரிந்துரைக்கிறது. அதற்குக் குறைந்த வயதென்றால் காத்திருக்க வேண்டும், காத்திருக்கலாம். மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. சோதனை செய்தால்தான் குணமானது உறுதியாகும். ஆன்டிபாடி அதன் பிறகும் இருக்கும். அதைப் பார்த்து யாரும் பயந்துவிடாமல் அட்டையின் உள்பக்கத்தில் எழுதிவையுங்கள். குணமான பின் மறுபடி அதே கடைக்குப் போனால் மறுபடி வரும் என்பதையும் சொல்லுங்கள்.

எகிப்து இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. நத்தைக்காய்ச்சல் என்ற ஒட்டுண்ணி நோய்க்கு 1950கள் முதல் 1980களின் தொடக்கம் வரை அரசே ஊர் ஊராகப் போட்ட ஊசிகளால்தான் அங்கே ஹெபடைடிஸ் சி அவ்வளவு பரவியது. 2018இல் தொடங்கிய சோதனை இயக்கம் பல கோடிப் பேரைத் தொட்டது. அங்கே வாழும் அகதிகளுக்கும் அந்தச் சோதனையும் சிகிச்சையும் கிடைத்தன. பணமில்லை, அகதிகளுக்கு முறை வராது என்று யாராவது சொன்னால் எகிப்தைக் காட்டுங்கள்.

எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்குத் தாமதமின்றி அன்றே மருந்து தொடங்க வேண்டும். தண்ணீரில் கரையும் டோலுடெக்ராவிர் மாத்திரை நான்கு வார வயது, மூன்று கிலோ எடையிலிருந்தே கொடுக்கலாம். ஹெபடைடிஸ் பி உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உடனே மருந்து தேவைப்படாது. கல்லீரலைக் குறித்த காலத்தில் பார்த்துவந்தால் போதும். வீட்டில் தடுப்பூசி போடாத மற்றவர்களுக்கு அதைப் போட்டுவிட வேண்டும். புதிதாகப் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள்.

எட்டாம் படி: இரண்டு குழந்தைகள் என்றால் தகவல் சொல்லுங்கள்

தாய்க்குத் தொற்று இல்லாத இரண்டு குழந்தைகள் ஒரே இடத்தில் ஊசி போட்டிருந்தால், மூன்றாவது வரும்வரை காத்திருக்க வேண்டாம். முகாமின் சுகாதார ஒருங்கிணைப்புக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள்: வயது, பிளாக், தேதி, வைத்தியம் நடந்த இடம். பெயர்கள் வேண்டாம்.

நீங்களே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்போடியாவின் பட்டம்பாங் மாகாணத்தில் ரோக்கா கிராமத்தில் 2014 டிசம்பரில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஊசி போட்டவர் உரிமம் இல்லாதவர். ஊரார் மதித்த மனிதர். அவருக்கு 25 ஆண்டு சிறை கிடைத்தது. லிபியாவின் பெங்காசியில் கதை தலைகீழ். 1998இல் குழந்தைகள் மருத்துவமனையில் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. பரவியதற்கு வெளிநாட்டுச் செவிலியர்களைப் பிடித்து மரண தண்டனை விதித்தார்கள். அவர்கள் அந்த நாட்டுக்கு வரும் முன்பே அந்த வைரஸ் அங்கே சுற்றிக்கொண்டிருந்ததை மரபணு ஆய்வு காட்டியது, 2007இல்தான் விடுதலை. குற்றவாளியைத் தேடுவது உங்கள் வேலையல்ல. அடுத்த ஊசியை நிறுத்துவது உங்கள் வேலை.

அதற்கு முதல் வழி, தேவையில்லாத ஊசியைத் தவிர்ப்பது. காய்ச்சலுக்கு சிரப், வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல். "வாய்வழி மருந்து இருக்கிறதா?" என்று கேட்கத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஊசி கட்டாயம் என்றால் உறையும் குப்பியும் கண்ணெதிரே திறக்கப்பட வேண்டும். ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகளை உங்கள் கிளினிக் வாங்குகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் பலிக்குமா என்பவர்களுக்கு: 2000ஆம் ஆண்டில் உலகெங்கும் பாதுகாப்பற்ற ஊசிகளால் 2.1 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி வந்ததாக மதிப்பிட்டார்கள். 2010இல் அது 17 லட்சம். தடுப்பூசிக்கும் இதில் பங்குண்டு, சிரிஞ்சு மாறியதற்கும் பங்குண்டு.

ஒன்பதாம் படி: உங்கள் விரலில் குத்தினால்

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள். பல விபத்துகள் அங்கேதான் நடக்கின்றன. ஊசிப்பெட்டி முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள், அதையும் குழந்தைகள் குப்பை பொறுக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், ப்ளீச் ஊற்ற வேண்டாம். உடனே மேலாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையையும் முகாமுக்குக் கிளம்பும் முன்பே முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், தயாரான ஆன்டிபாடி மருந்தான இம்யூனோகுளோபுலினும். ஹெபடைடிஸ் சிக்கு முன்தடுப்பு மருந்து கிடையாது. மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் ஆர்.என்.ஏ. சோதனை, நான்கு முதல் ஆறு மாதத்தில் ஆன்டிபாடி சோதனை. தொற்றியிருந்தால் அதே பன்னிரண்டு வார மாத்திரை உங்களுக்கும்.